நம் தெரு சிவந்த கதை

என் பிள்ளைக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இதில் கேட்கப் போவதில்லை. அதைத்தான் காலையும் மாலையும் போனில் கேட்டுக்கொள்கிறோமே. நீ கேட்கிறாய், நான் ஆச்சு என்கிறேன். நான் கேட்கிறேன், நீ ஆச்சு என்கிறாய். அப்புறம் இரண்டு பேரும் போனை வைத்துவிடுகிறோம். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு உன் ஆபீஸில் யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டு. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நேற்று நீ அனுப்பிய வரைபடம் வந்தது. சென்னையில் எனக்காகப் பார்த்திருக்கிற ஃப்ளாட்டைச் சுற்றி ஒரே பச்சை. கீழே, "இந்த ஏரியாவுல புகாரே கம்மிம்மா, நிம்மதியா இருக்கலாம், வந்துடு" என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அப்பாவையும் என்னையும் ஏற்கெனவே ஒருமுறை இப்படித்தான் பச்சையைக் காட்டி அழைத்துப் போனாய். இவனுக்குப் புத்தியே வராதா என்று அடுப்படியில் நின்று சத்தமாகவே திட்டினேன். நீ வாசலில் மாட்டிவைத்த கேமராவில் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பாய். கோபம் ஆறிய பிறகு வேறொன்று புரிந்தது. சில பிள்ளைகள் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள், நீ வரைபடம் அனுப்புகிறாய். உனக்குத் தெரிந்த பாசம் அது.

உன் வேலை என்னவென்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பொங்கலுக்கு வந்தபோது நீதான் பொறுமையாகச் சொன்னாய். வீடு வாங்கப் போகிறவர்களுக்கு, ஒரு தெரு குடியிருக்க லாயக்கா இல்லையா என்று சொல்கிற வேலை. போலீசுக்குப் போன புகார்களை உங்கள் கம்பெனி எங்கெங்கிருந்தோ திரட்டி, ஒவ்வொன்றும் எங்கே நடந்தது என்று பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். புள்ளி ஜாஸ்தியானால் தெரு மஞ்சளாகும், இன்னும் ஜாஸ்தியானால் சிவப்பாகும், புள்ளியே இல்லாவிட்டால் பச்சை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியே காலத்தைத் தள்ளிய மனுஷன் அவர். பிள்ளை ஊர் ஊராக மதிப்பெண் போடுகிறான் என்றால் வீட்டுக்குள் உட்காருவாரா? உன்னையும் உன் லேப்டாப்பையும் தெருமுனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நானும் பின்னாலேயே வந்தேன். பெஞ்சில் லேப்டாப்பை வைத்து நீ திருவண்ணாமலையை விரித்தாய். மலை தெரிந்தது, கோயில் தெரிந்தது, மலையைச் சுற்றிக் கிரிவலப் பாதை வளைந்து போனது. "டேய், நம்ம தெருவக் காட்டுடா" என்றார் அப்பா. பெரிதாக்கிக் காட்டினாய். நம் தெரு மட்டும் குங்குமம் கொட்டினாற்போல் சிவந்து கிடந்தது. எதிர்வீட்டு நசீமாதான் முதலில் சிரித்தாள். "இன்னாண்ணா இது, நம்ம தெருவுல இவ்ளோ திருடனா? ஒருத்தன்கூட எங்க வூட்டாண்ட வர்லியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மெதுவாக, "தப்பா கிப்பா இருக்குமாடா?" என்று உன்னைக் கேட்டார். "டேட்டா எப்படிப்பா தப்பா இருக்கும்? எல்லாம் போலீஸ்ல எழுதினது" என்றாய். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் எங்கள் தெருவைப் பார்த்தே பயப்பட ஆரம்பித்தோம். நான் கல்யாணமாகி வந்து இறங்கிய தெரு அது. கதவைத் தாழ் போடாமலே காய்கறி வாங்கப் போய்வந்த தெரு. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பினோம். அதைச் சொன்னது நம் பிள்ளையாயிற்றே. யாராவது தெருவில் நின்று போன் பேசினால்கூட அப்பா ஜன்னல் வழியாகப் பார்ப்பார். "யார்னு தெரியலியே" என்பார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்தினோம். பூட்டு போதாதென்று இன்னொரு பூட்டு வாங்கிவந்தார்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்கார மணியை நினைத்துப் பார். குழந்தையாக இருந்தபோது உனக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் சத்தம் கேட்டு நசீமா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். அப்போதுதான் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்திருந்த மணி, சோற்றுக் கையோடு எழுந்து வந்து வண்டியை எடுத்தான். பெரியாஸ்பத்திரி வாசலில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். நீ பிழைத்துக்கொண்டாய் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கையையே கழுவினான். அந்த மணி ஒருநாள், அப்பா மொபெட்டை வீட்டுக்குள் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, புதுசா வண்டிய உள்ள வெக்கிறீங்க? இங்க எவன் தூக்கப்போறான்?" என்று கேட்டான். அப்பா அவன் முகத்தைப் பார்க்காமல், "காலம் கெட்டுக் கெடக்குதுப்பா" என்றார். மணி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தினமும் காலையில் நம் வீட்டுப் பேப்பரை வாங்கிப் படிக்க வருகிறவன், அதற்குப் பிறகு வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

அப்புறம்தான் கீழ்பென்னாத்தூர் சாலையில், நான் இப்போது இருக்கிற இந்த நகரை நீ கண்டுபிடித்தாய். அதற்கு முந்தின வருஷம்வரை வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையாக இருந்த இடம், கல் நட்டு, கொடி கட்டி, ஆர்ச் வைத்து நகர் ஆகிவிட்டது. வரைபடத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு புகார் இல்லை, ஒரு புள்ளி இல்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லிக்கொள்ளாதே, எனக்கும் ஆசைதான். அடுப்படியில் பெரிய ஜன்னல், குழாயைத் திறந்தால் தண்ணீர், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மைக் சத்தம் இல்லாத ராத்திரி. அப்பா சரி என்பதற்கு முன்னாலேயே நான் மனசுக்குள் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டேன். பால் காய்ச்சிய அன்று தெருவே வேன் பிடித்து வந்தது, மணியைத் தவிர. நசீமா எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வூடு சூப்பரா இருக்குதுக்கா. பேசறதுக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். "உங்க அக்கா இருக்காளே, போதாதா?" என்று அப்பா சிரித்தார்.

போதவில்லை. அதை உன்னிடம் நாங்கள் சொல்லவே இல்லை. இங்கே கட்டி முடித்த வீடுகள் நாலைந்து. எல்லாம் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வாங்கிப் பூட்டிவைத்தவை. பௌர்ணமிக்கு வந்து குளித்துவிட்டுக் கிரிவலம் போவார்கள், விடிந்தால் கார் கிளம்பிவிடும். அப்பா காலையில் ஆர்ச் வரை நடந்து போய், அங்கே யாரும் இல்லாமல் திரும்பி வருவார். ஆடு மேய்க்கிறவன் யாராவது அகப்பட்டால் பிடித்து வைத்துப் பேசுவார். பிறகு அதுவும் குறைந்தது. "தெருவுக்கு ஒருநாள் போய்ட்டு வாங்களேன்" என்பேன். "போகணும்" என்பார், போகமாட்டார். மணியை எந்த முகத்தோடு பார்ப்பது என்றுதான் அவருக்கு. நீ போன் பண்ணும்போது மட்டும் உற்சாகமாக, "ஒரு சத்தம் இல்லடா, சொர்க்கம்" என்பார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வெயில் தாழ்ந்த நேரம். வாசலில் வைத்த வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "மார்ல இன்னாவோ அடைக்குதுடி" என்றார். முகமெல்லாம் வேர்வை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். அதை ஓட்டுகிறவன் பாவம் நல்ல பிள்ளை, உடனே கிளம்பிவிட்டான். வழியிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, பக்கத்துல இன்னா இருக்குது? லேண்ட்மார்க் சொல்லுங்க" என்று கேட்டான். என்ன சொல்வேன்? கோயில் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஆர்ச் என்றேன். "இந்த ரோட்டுல எல்லா நகருக்கும் ஒரே மாதிரி ஆர்ச் இருக்குதும்மா, எந்த ஆர்ச்?" என்றான். சுற்றிலும் மனைக்கு நட்ட கல். கூப்பிட்டால் வர ஒரு ஆள் இல்லை. கத்திப் பார்த்தேன். அப்புறம் அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன், வண்டிக்குக் கை காட்ட.

அவர் என் முந்தானையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டுதான் ஓடினேன்.

வண்டியோடு திரும்பி வந்தபோது சாய்ந்தபடியே இருந்தார், கண் திறந்திருந்தது. நான் பக்கத்தில் இல்லை. அவ்வளவு வருஷம் கூட இருந்துவிட்டு அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. நம் தெருவாக இருந்திருந்தால் ரோட்டுக்கு ஓட ஒருத்தர், தண்ணீர் கொடுக்க ஒருத்தர், விசிறிவிட ஒருத்தர் என்று வந்திருப்பார்கள். அவர் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன். இரவில் படுத்தால் எனக்கு இதுதான் வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு நீ என்னிடம், "நான்தாம்மா அப்பாவ இங்க கொண்டாந்து வெச்சுக் கொன்னுட்டேன்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அப்படி இல்லைடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. யார் மேலாவது போட்டுவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்தது. நீ மறுநாள் வாசலில் கேமராவை மாட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை. கேமராவில் என்னைப் பார்க்கிறாய், ஆப்பில் மளிகை அனுப்புகிறாய், வீட்டுக்குள் மட்டும் கால் வைக்க முடியவில்லை உன்னால். எனக்குத் தெரியும்.

இப்போது போனில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். போன பௌர்ணமிக்கு நசீமா ஆட்டோ பிடித்து வந்து, "ஒரு நாளாச்சும் வாக்கா, தனியா கெடந்து இன்னா பண்ணப் போற" என்று என்னைக் கையோடு தெருவுக்குக் கூட்டிப் போனாள். உனக்கு மறந்திருக்காது, பௌர்ணமி தோறும் நம் தெருமுனையில் போலீசார் பந்தல் போடுவார்கள். காணாமல் போன பிள்ளை, தொலைந்த போன், அறுந்த சங்கிலி என்று எல்லாப் புகாரும் அங்கேதான் வந்து சேரும். மலையை முக்கால்வாசி சுற்றி நம் தெருப் பக்கம் வரும்போதுதான் ஜனங்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள். பாதிப் பேர் ஆந்திராக்காரர்கள். சித்தூர்ப் பக்கம் பிறந்தவள் என்பதால் தெலுங்குக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் ஒரு போலீஸ்காரர் வந்து, "தெலுங்கு தெரிஞ்ச அம்மா யாரோ இருக்காங்களாமே?" என்று தேடினார். போனேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண். கூட்டத்தில் புருஷனைத் தவறவிட்டிருந்தாள், போனும் போயிருந்தது. எங்கே போனது என்று கேட்டால், "தெலீதம்மா, தெலீது", தெரியவே தெரியாது என்று அழுகிறாள். போலீஸ்காரர், "எடம் சொல்லாம எப்படிம்மா ரசீது குடுக்கறது? ரசீது இல்லாம அதே நம்பர் திரும்பக் கெடைக்காதே" என்றார். நான் யோசிக்கவே இல்லை. வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "நம்ம தெருப் பேரே போட்டுக்கோங்க சார். பாவம், ஊருக்குப் போகணும்."

அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் நம் தெருவின் பெயர் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு உன் வரைபடத்துப் புள்ளிகள் ஞாபகம் வந்தன.

எத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எங்கோ ஆந்திர ஆசிரமத்தாண்டை, எங்கோ லிங்கக் கோயில் வாசலில், எங்கோ பஸ்ஸில் தொலைந்ததெல்லாம் நம் தெருவில் தொலைந்ததாக எழுதச் சொன்னவள் நான். நான் மட்டும் இல்லை. நசீமா சொல்லியிருக்கிறாள், மணி சொல்லியிருக்கிறான், அப்பாவும் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து வந்து டீ கிளாஸோடு நின்று சொல்லியிருக்கிறார். இடத்தின் பெயர் தெரியாமல் அழுகிறவர்களுக்கு நாங்கள் எங்கள் தெருப் பெயரைக் கொடுத்தோம். அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தோம். அந்தக் காகிதம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம், அது நடந்து நடந்து உன் மேஜைக்கு வரும் என்று யார் கண்டது? உன் வரைபடத்தில் நம் தெருவில் இருக்கிற புள்ளிகள் திருடன் வைத்தவை அல்ல. உன் அம்மா வாயால் வைத்தவை. அதைப் பார்த்துத்தான் உன் அப்பா மணியைச் சந்தேகப்பட்டார். அதைப் பார்த்துத்தான் நான் சாமான் கட்டினேன்.

நசீமாவிடம் சொன்னேன். "அண்ணன் இது தெரியாமலே பூட்டாரேக்கா" என்றாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தன் தெருவே திருட்டுத் தெரு என்று நம்பிக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். மணி வீட்டுக்கும் போனேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் எல்லாவற்றையும் கேட்டான். "வுடுங்க அத்தை, மாமா மேல எனக்கு இன்னா கோவம்" என்றான். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, "ஆனா கடைசி வரிக்கும் என் மூஞ்சியப் பார்த்துப் பேசலியே, அது ஒண்ணுதான்" என்றான்.

ஆகவே, இனிமேல் நீ தனியாக அதைச் சுமக்காதே. அவரை இங்கே கொண்டுவந்தது நீ மட்டும் இல்லை, நாம் மூன்று பேரும் சேர்ந்துதான். பதினாறாம் நாள் சொல்லாததை இப்போது சொல்கிறேன்: நீ உன் அப்பாவைக் கொல்லவில்லை. கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது போகும்போது போகட்டும். ஆனால் இதுவும் நிஜம்.

உன் வேலையை விட்டுவிடு என்று சொல்ல நான் யார்? செய். நாளைக்கு நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு வீடு பார்க்கப் போகும்போது, பச்சையோ சிவப்போ, சாயங்காலத்தில் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார். "யாருங்க வேணும்?" என்று யாராவது வந்து கேட்கிறார்களா என்று பார். கேட்டால் அட்வான்ஸ் கொடு. நேற்று நீ அனுப்பியதைப் பார்த்த பிறகு வரைபடத்தில் இந்த நகரையும் தேடிப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்திருந்த படி இருக்கிற இடம் இன்னும் அப்படியே பச்சையாக இருக்கிறது. ஒரு மனுஷன் கூப்பிட ஆள் இல்லாமல் போனதற்கு யார் புகார் கொடுப்பார்கள்?

சென்னைக்கு நான் வரமாட்டேன். நம் பழைய வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது; நசீமா வீட்டு மாடி காலியாக இருக்கிறது, பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை மணியே ஆள் கூட்டிக்கொண்டு வந்து சாமானை ஏற்றுகிறேன் என்றிருக்கிறான். நீ பதறுவாய், "அந்தத் தெரு ரெட்ல இருக்குதும்மா" என்பாய். இருக்கட்டும். அன்றைக்குப் போலீஸ் பந்தலில் அந்தத் தெலுங்குப் பெண்ணுக்கு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? விஷயம் புரிந்த பிறகும் நான் பெயரை மாற்றச் சொல்லவில்லை. ரசீதை வாங்கி அவள் கையில் கொடுத்து, புருஷன் வந்து சேரும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பௌர்ணமிக்கும் யாராவது அழுதுகொண்டு வருவார்கள், அவர்களுக்கும் நம் தெருப் பெயரைத்தான் சொல்வேன். அது இன்னும் சிவக்கும். வரவேண்டும் என்று உனக்குத் தோன்றுகிற அன்றைக்கு, உன் வரைபடத்தில் ரொம்பச் சிவப்பாக இருக்கிற இடத்தைப் பார்த்து வா. நான் அங்கேதான் இருப்பேன்.

அம்மா